பெரியவர்களுக்கு மட்டும்

முகமூடிக்காரன் முதல் ஆளின் கையைத் தோளோடு பிய்த்து எறிந்தபோது, தையல்காரி சட்டென்று பக்கத்து இருக்கைக் குழந்தையின் கண்களைப் பொத்தினாள்.

குழந்தை எங்களுடையது அல்ல. யாருடையது என்றும் தெரியாது.

தையல்காரி என் கீழ்வீட்டுக்காரி. முகமூடிக்காரன் மீது அவளுக்கு ஒரு கண். அவன் வரும் படம் எதையும் விடமாட்டாள். துணைக்கு என்று என்னையும் காலைக் காட்சிக்கு இழுத்து வந்திருந்தாள். எனக்குத் திரையைவிட அரங்கத்தைப் பார்ப்பதில்தான் ஆர்வம். அதை அவளிடம் சொல்லிக்கொள்வதில்லை.

முந்தைய படங்களில் அவன் மரத்தில் மாட்டிய பூனையைக் காப்பாற்றிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை காட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தான். இந்தப் படத்தில் என்ன கோபமோ தெரியவில்லை, பார்த்தவனையெல்லாம் பிய்க்கிறான். பதினெட்டு வயது ஆனவர்களுக்கு மட்டும் என்று சுவரொட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்குழந்தைக்குப் பத்து வயது இருக்கும். உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் அப்பா. மனிதர் பிள்ளையின் கண்ணை மூடவில்லை, காதைப் பொத்தவில்லை. வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். படத்தையாவது பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றவர் செய்யாததை அரங்கம் செய்தது.

வில்லன் கெட்ட வார்த்தை பேசினால், பின்னால் இருந்தவர் சரியாக அந்த இடத்தில் இருமினார். படத்தில் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. அரைமணி நேரத்தில் அவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது.

படுக்கையறைக் காட்சி வந்தது.

அந்தப் பெண்ணுக்கு முன் இருக்கையில் எங்கள் தெருப் பல் டாக்டர். விருட்டென்று எழுந்து நின்று, சட்டையை உள்ளே செருகினார். வெளியே எடுத்தார். மறுபடியும் செருகினார். காட்சி முடிகிறவரை செருகிக்கொண்டே இருந்தார். நல்ல அகலமான மனிதர். கட்டிலை முழுவதுமாக மறைத்துவிட்டார்.

தையல்காரியோ கையை எடுப்பதாகவே இல்லை.

அந்தப் பெண் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“ஆன்ட்டி, கையைக் கொஞ்சம் எடுங்களேன். வெட்டுறது ஒண்ணுமே தெரியல.”

என்ன வாய்! எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்துபோனேன்.

டார்ச் அடித்து இடம் காட்டுகிற ஊழியர் கதவுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கண்றாவிப் படத்துக்குப் பச்சைப்பிள்ளையை விட்டிருக்கிறீர்களே, ராத்திரி அது தூக்கத்தில் அலறினால் நீங்களா போய்த் தட்டிக்கொடுப்பீர்கள் என்று ஒரு பிடி பிடித்தேன். ஏற்றிவிடுவதில் எனக்கு நல்ல அனுபவம். பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பினார். நானும் பின்னாலேயே வந்தேன்.

டார்ச் வெளிச்சம் அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. வரிசையே திரையை விட்டுவிட்டுத் திரும்பியது. இனி அப்பாவும் மகளும் வெளியேதான். நல்ல கட்டத்தில் எழுப்பிவிடுகிறோமே என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

“பதினெட்டு ஆச்சாம்மா?” என்றார் ஊழியர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயந்தவர்கள் பார்த்துக்கொள்கிற மாதிரி இல்லை அது.

அந்த மனிதர் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். தேட வேண்டியிருக்கவில்லை.

ஊழியர் அட்டைமேல் டார்ச்சை அடித்தார். அப்புறம் அவள் முகத்தில். மறுபடியும் அட்டைமேல்.

“இன்னிக்குத்தான் ஆகுது” என்றார். குரலில் சிரிப்பு போயிருந்தது.

“ஆமா சார். பொறந்ததிலேர்ந்து வியாதி, வளர்த்தியும் நின்னுபோச்சு. அஞ்சு வயசைத் தாண்டாதுன்னு டாக்டருங்க சொன்ன பிள்ளை. அப்புறம் பத்துன்னாங்க. அப்புறம் சொல்றதையே விட்டுட்டாங்க. இந்தப் படம்னா வாசல்ல வயசு கேப்பீங்க, எடுத்துக் காட்டலாம்னுதான் வந்தோம். ஒருத்தருமே கேக்கல.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் போய்ச் சொன்னீங்களாம்மா? ரொம்ப நன்றிம்மா.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ பேரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நன்றி என்று ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஊழியரைக் கிளப்பிவிட எனக்குத் தோன்றியதே, அதற்கு யாரிடம் நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தையல்காரி தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணே அதை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பல் டாக்டர் திரும்பி, “நான் ஒரு தடவை பாக்கலாமா?” என்றார்.

ஊழியர் அட்டையைக் கொடுத்தார். டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் தேதியைப் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் செல்போனை எடுத்தார். பின்னால் இருந்த இருமல்காரர் எட்டி வாங்கிக்கொண்டார். அட்டை கை மாறி, கை மாறிப் போனது. போகிற இடமெல்லாம் ஒரு வெளிச்சம் எரிந்தது. அந்தப் பெண் இருக்கையில் மண்டிபோட்டுத் திரும்பி நின்று, அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் முகமூடிக்காரனை நாற்பது பேர் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்பாரில்லை.

“செல்லை அணைங்கப்பா! படம் பாக்க வேணாமா?” என்று கடைசி வரிசையிலிருந்து, விவரம் தெரியாத யாரோ கத்தினார்.

யாரும் அணைக்கவில்லை. அட்டை இன்னும் அவரிடம் போய்ச் சேரவில்லை.