முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே

"படிச்சுதான மார்க் போட்டீங்க, டீச்சர்?"

விடைத்தாள் திருத்தும் முகாமில், தன் மேசையிலிருந்து அவள் நிமிர்ந்தாள். முதன்மைத் தேர்வாளர் அருள்தாஸ் கையில் ஒரு விடைத்தாளோடு நின்றிருந்தார். சனிக்கிழமை அவள் திருத்திய கட்டிலிருந்து உருவியது. அப்படி ஒன்றிரண்டை உருவிப் பார்ப்பது அவர் வேலை.

"படிச்சுத்தான் சார் போட்டேன்."

வாய் முந்திக்கொண்டது. படிக்கவில்லை என்று எந்த மடச்சி ஒப்புக்கொள்வாள்? மெமோ வரும். இருபத்திரண்டு வருட சர்வீசில் அவள் ஒரு மெமோ வாங்கியதில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரையை யார்தான் வரி விடாமல் படிக்கிறார்கள்? வேளைக்குப் பதினைந்து தாள். முன்னுரை இருக்கிறதா, முடிவுரை இருக்கிறதா, உள்தலைப்புக்கு அடிக்கோடு உண்டா. கண் அவ்வளவுதான் தேடும். மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும்.

அவர் தாளை மேசைமேல் வைத்தார்.

மரம் வளர்ப்போம். எட்டுக்கு ஏழு.

கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் ஏழு போட்டது நினைவுக்கு வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்.

அவர் விரல் மூன்றாம் பத்தியில் நின்றது.

'மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன. மிஸ், எனக்குப் பதினைந்து வயது. சித்திரை ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமாவது சொல்லி நிறுத்துங்கள். மரங்கள் மழை தருகின்றன.'

அந்த வரிகளின் குறுக்கே அவளுடைய சிவப்பு டிக்.

இன்று திங்கள், சித்திரை எட்டு.

சனிக்கிழமை இந்தத் தாளைப் புரட்டும்போது மணி மூன்று இருக்கும். ஒரு ராத்திரி முழுதாக இருந்தது. ஒரு போன் போதும்.



"படிச்சுட்டா ஏழு போட்டீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"படிக்கல சார்."

அறை முழுக்கக் கேட்டுவிட்டது.

அருள்தாஸ் தாளை எடுத்துக்கொண்டு முகாம் அலுவலகத்துக்கு ஓடினார். எண்ணை வைத்துப் பள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

பக்கத்து மேசை டீச்சர், திருத்தி முடித்துக் கட்டிவைத்த கட்டை ஓசைப்படாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் இன்னொருவரும்.

அதற்குப் பின்னால் இன்னொருவரும்.