துண்டைக் காணோம், துணியைக் காணோம்

இரண்டே இருக்கை உள்ள குட்டி விமானம் ஒன்று தரையிறங்கியதும், ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டிக்கொண்டிருந்த காற்றுப்பையைக் கூப்பிட்டது.

"ஏரிக்கு மேல போர் விமானமே எனக்கு வழிவிட்டுச்சு, தெரியுமா?"

"புதுப் போர் விமானத்தைச் சோதிக்கிறோம், ஏரிப் பக்கம் யாரும் வராதீங்கன்னு காலையில ரேடியோல சொன்னாங்களே?"

"வானம் என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா? நான் நேராத்தான் போனேன். அதுதான் மிரண்டு, துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடுச்சு!"

இதையே காக்கைகளிடமும் சொன்னது. சொல்லச் சொல்ல, போர் விமானம் இன்னும் வேகமாக ஓடியது.

சாயங்காலம் அந்தப் போர் விமானத்தை ஒரு டிராக்டர் இழுத்து வந்தது. வானத்தில் சட்டென்று ஒடித்துத் திரும்பியதில் அதன் இறக்கை முறுக்கிப் போயிருந்தது. கூட நடந்து வந்தவர்கள், "இனிமே இது பறக்காது" என்று பேசிக்கொண்டார்கள்.

குட்டி விமானம் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருந்ததால் முடியவில்லை.

போர் விமானம் அருகில் வந்ததும் கேட்டது. "தம்பி, ஏரிக்கு மேல குறுக்க வந்தது நீதானே? உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நான் இல்லண்ணே. நான் இன்னைக்குப் பறக்கவே இல்ல."

"அப்படியா? அப்போ அது வேற யாரோ. பாவம், பத்திரமா இறங்குச்சோ என்னவோ."

டிராக்டர் அதை இழுத்துக்கொண்டு போனது.

நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் காற்றுப்பை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.