பக்கத்து வீட்டுக்காரி

தப்பாக எதையாவது உளறிவிடுவோமோ என்று கௌசல்யாவுக்குப் பயம். படிப்பும் எட்டாவதோடு சரி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாத்தனார் சூடாமணி. உடம்பு அனலாய்க் கொதித்தது. கழுத்து எந்தப் பக்கமும் அசையவில்லை.

"அக்கா தினம் கோயில் குளத்துல முங்கிக் குளிக்கறாளோன்னோ, மூளைக்காய்ச்சலேதான்!" போனில் கணவர் நாகேஸ்வரன் நடுங்கினார். "சம்பந்தியாத்துக்குத் தெரிஞ்சா ஒட்டிக்கிற வியாதின்னு பயந்துடுவா, நம்ம ஆஷா கல்யாணம் அவ்வளவுதான். பார்த்துப் பேசு."

டாக்டர் ஸ்ரீஜித் வந்தார். "நீங்க பேஷன்டுக்கு யாரு?"

"பக்கத்தாத்து... பக்கத்து வீடு, டாக்டர்."

"அவங்களுக்குக் காய்ச்சல்ல பேச்சு குழறுது. நீங்கதான் சொல்லணும். முட்டி எப்பவாவது வீங்கியிருக்கா?"

போன வாரம்கூட அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் கௌசல்யாதான்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"செரி. அப்போ முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர் எடுக்கணும். ஸ்கேனும் பார்க்கணும்."

உள்ளேயிருந்து சூடாமணியின் அலறல் கேட்டது. கௌசல்யா காதைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. மூளைக்காய்ச்சல் இல்லை. சுண்ணாம்புச் சத்து பொடிப்பொடிப் படிகமா கழுத்தெலும்பு உச்சியில படிஞ்சிருக்கு. முட்டியிலயும் அதேதான். யாருக்கும் ஒட்டாது, மாத்திரையில அடங்கிடும். முட்டி விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஸ்கேன் மட்டும் முதல்ல பார்த்திருப்பேன். பாவம், அந்த ஊசி வலியாவது மிச்சமாயிருக்கும்."

கௌசல்யா கைகூப்பினாள்.

"டாக்டர்... அவா என் நாத்தனார். பொண்ணு கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். "அப்போ அவங்க சொன்னதும் பொய்யா?"

"அவா என்ன சொன்னா?"

"நீங்க ஆட்டோவை அனுப்பிட்டு உள்ளே வர்றதுக்கு முன்னாடியே என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நினைவோட சொன்னது அது ஒண்ணுதான். 'கூட வர்றவ பக்கத்தாத்துக்காரி. அவாத்துல கல்யாணம். எனக்கு யாருமே இல்லேன்னு எழுதிக்கோங்கோ'ன்னு."