அடிக்காத போன்

"அண்ணே, எத்தன தடவ கூப்பிடுறது? போன் அடிக்கவே இல்லையா?"

மூச்சு வாங்க மாடியேறி வந்தான் முத்துக்குமரன். சோபாவில் இருந்த ராமமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். இருவருக்கும் ஆஸ்பத்திரியில் பழக்கம். மனைவி வசுந்தராவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டிப் பதிந்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வராதா என்று வருடக்கணக்காகக் காத்திருப்பவர் அவர்.

"எங்க அடிச்சுச்சு? காலையில இருந்து கையிலதான வச்சிருக்கேன். வா, உக்காரு. புதுப் போனு. பையன் ஸ்ரீனிவாஸ் துபாய்ல இருந்து ஒரு ஆள்கிட்ட குடுத்துவிட்டிருக்கான். இருக்கிறதுலயே ஒசத்தி இதுதானாம். மொட்டமாடியில நின்னு அழகர்மலைய எடுத்தேன், பாரு. மரம் மரமாத் தெரியுது."

படம் உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. வேறொரு நாளாக இருந்தால், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் முத்துக்குமரன் விட்டிருக்க மாட்டான். ஒரு தடவை அழுத்தினால் போன் வரிசையாகப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியைப் பொறுக்கி ஒன்றாக்கும் வித்தையைக் காபி ஆறும்வரை விளக்கியிருப்பான். இன்று கையை மட்டும் நீட்டினான்.

"குடுங்கண்ணே."

"இன்னைக்கு காலேஜ் போகலையா?"

"லீவு சொல்லிட்டேன். பழைய போன்ல இருந்த நம்பரெல்லாம் இதுக்கு மாத்தினீங்களா?"

"அதை ஞாயித்துக்கிழம சொல்லித் தாரேன்னான். சிம்ம மட்டும் மாத்திப் போட்டேன். ஏன், அது போதாதா?"

முத்துக்குமரனின் விரல் செட்டிங்ஸுக்குள் இறங்கியது. "இதுதான் விஷயம். தெரியாத நம்பர்ல இருந்து யாரு கூப்பிட்டாலும் சத்தம் வராதுன்னு போட்டிருக்கு."

"அவன்கிட்ட நான்தான் கேட்டேன். லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு உயிர எடுக்குறாய்ங்க."

"நம்பரெல்லாம் உள்ள இருந்தா அது நல்ல ஏற்பாடுதாண்ணே. இதுல ஒரு பேரு கூட இல்லையே. அப்ப இதுக்கு லோன்காரனும் தெரியாத ஆளு, நானும் தெரியாத ஆளு, உங்க மகனும் தெரியாத ஆளு. எல்லாரையும் வாசல்லயே நிறுத்திருச்சு. அம்புட்டுத் தூரத்து மரத்தக் காட்டத் தெரியுது. 'உள்ள ஒரு பேருமில்லையே, இத நான் போடலாமா'ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல."

"கால் வந்துச்சுன்னாவது காட்டணும்ல?"

"காட்டும். தனியா ஒரு மூலையில. நாமளாத் தேடிப் போகணும்."

தேடிப் போனான். அவனுடைய எண் மூன்று முறை. அதற்குக் கீழே, 0452 என்று தொடங்கும் ஓர் எண், அதே போல மூன்று முறை.

ராமமூர்த்திக்கு அந்த எண் மனப்பாடம். சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"முத்து... இது ஆஸ்பத்திரி. முதக் கால் எப்ப வந்திருக்கு பாரு. அரை மணி நேரத்துல எடுக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிரும்னு சொன்னாங்களேப்பா."

முத்துக்குமரன் ஒரு கணம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தான். பிறகு அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் முன்னால் நீட்டினான்.

"ராமமூர்த்தி சாரா?" மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல் எரிச்சலோடு வந்தது. "எங்க சார் போனீங்க? கிட்னி ஒண்ணு வருது. நீங்க எடுக்கலைன்னு இன்னொரு பேஷண்டுக்குச் சொல்லிட்டோம். அவங்களும் கிளம்பியாச்சு."

ராமமூர்த்தி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஆனா இன்னும் யாருக்கும் அட்மிஷன் போடல. வரிசைப்படி நீங்கதான் முதல்ல. உடனே வந்தா உங்களுக்குத்தான். வாரீங்களா?"

"வாரேம்மா, இப்பவே வாரேன்."

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த வசுந்தராவிடம் தங்கள் வீட்டு மொழியில் அவர் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் கையைத் துடைப்பதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று கேட்டான் முத்துக்குமரன்.

"காபிதான் தம்பி. இட்லி இப்பத்தான் ஊத்தப் போனேன்."

"இனிமே தண்ணி கூட வேணாம். ஃபைலை மட்டும் எடுங்க. துணிமணியெல்லாம் அப்புறம் கொண்டுவந்து தாரேன்."

அவள் ஃபைலை எடுத்து வருவதற்குள் அந்த அமைப்பை நீக்கி, தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தான். புதுப் போன் வீடு அதிர ஒலித்தது.

"இப்பச் சரியாயிருச்சுண்ணே. வழியில ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாலும் கேக்கும்."

கீழே ஆட்டோ நின்றது. "நான் வந்த வண்டிதான். இதுலயே போயிருங்க" என்று இருவரையும் ஏற்றிவிட்டான்.

ராமமூர்த்தி அவன் கையை விடவில்லை. "அங்க ஒருத்தர் கிளம்பிட்டாங்கன்னு சொன்னாங்களே. அவுகளும் இப்பிடித்தான அடிச்சுப் பிடிச்சு ஓடிக்கிட்டிருப்பாக. அத நெனச்சாத்தான் முத்து..."

"அதெல்லாம் இப்ப நெனைக்காதீங்கண்ணே. டிரைவரண்ணே, எடுங்க."

கே.கே. நகர் தெருவைத் தாண்டி ஆட்டோ மறையும் வரை நின்றான். பிறகு முனையிலிருந்த மருந்துக்கடைப் பக்கம் நடந்தான். அவர்கள் கண்ணில் பட வேண்டாமென்று முன்பே அங்கே ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்ட அவன் மனைவி தாமரைச்செல்வி, டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையில் மாற்றுத்துணிப் பையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அவுக கிளம்பிட்டாகல்ல?" என்றாள் அவள். "முன்னால இருக்கிறவுக போன எடுக்கலைன்னுதான நம்மளக் கூப்பிட்டாங்க. இனி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நாம வரலன்னு சொல்லிருங்க."