குஞ்சுகளை யார் பார்ப்பது?

மழைக்கு முன்னால் ஏரிக்கரையை உயர்த்தியாக வேண்டும். ஆள் போதவில்லை. "பெண்களும் வேலைக்கு வரட்டும்" என்று ஊர்த் தலைவர் எருமைக்கடா, பொதுக் களஞ்சியத்துக் கம்பை அள்ளிக் கொடுத்து அழகழகான மண்கூடைகளை வாங்கி வைத்தார்.

காலையில் ஒரு பெண்கூட வரவில்லை.

"இவ்வளவு செலவு பண்ணியும் இவங்களுக்கு வேலை செய்ய மனசில்லையே" என்று அலுத்துக்கொண்டார்.

வேலியோரம் நின்ற செம்பிக் கோழிக்கு அது சுருக்கென்று தைத்தது. விடிந்ததிலிருந்து ஆசையோடு கரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். தன் கூலி கைக்கு வந்தால், சேவல் எப்போது இரை கொண்டுவரும் என்று காத்துக் கிடக்க வேண்டாம். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நேரே தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கூடை நல்லாத்தான் இருக்கு. நான் மண் சுமக்கப் போனா இதுங்களை யார் பார்த்துக்குவாங்க? மேலே பருந்து சுத்துதே."

தலைவர் அசைபோடுவதை நிறுத்தினார். "அதுக்கு நான் என்னம்மா செய்யறது?"

"வாத்து அக்காவுக்குச் சம்பளம் குடுங்க. புதருக்கடியில வச்சுப் பார்த்துக்குவாங்க. அவங்க போடுற சத்தத்துக்குப் பருந்து கிட்டவே வராது."

தலைவர் குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு களஞ்சியத்தை மறுபடி திறக்கச் சொன்னார்.

மறுநாள் மண் சுமந்த செம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. கரை மேலேறித் திரும்பிப் பார்த்தாள். கௌதாரி, காடை, மயில் எல்லாரும் தங்கள் குஞ்சுகளோடு புதரை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வாத்து அக்கா மூச்சு வாங்கத் தலைவரிடம் வந்தாள்.

"ஐயா, என் ஒருத்தியால முடியாது. இன்னொரு ஆளைப் போடுங்க."

"ரெண்டு பேராவே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, தலைவர் தானே களஞ்சியத்தை நோக்கி வேகமாக நடந்தார். செம்பி அதற்குள் அடுத்த நடைக்கு மண் அள்ள இறங்கியிருந்தாள்.