விருந்தாளிக்கு எரிந்த அடுப்பு

நாரின் என்ற மலையூரில் சன்னல் கண்ணாடியெல்லாம் உறைபனி பூத்திருக்கிற காலை. ஏழை வீடுகளுக்குத் தரும் இலவச நிலக்கரிக்காக வீடுவீடாய்ப் பார்த்து எழுத வந்திருக்கும் சாதாத், கனத்த கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள். நெற்றியில் வியர்வை மினுங்குகிறது. இரும்பு அடுப்பு செக்கச்செவேலென்று உறுமுகிறது. வீட்டுக்காரி புர்மாகான் அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றி, ரொட்டியைப் பிட்டு வைக்கிறாள்.

"வீடு கதகதன்னு இருக்கேக்கா!"

"பின்னே? வீடு தேடி வந்தவளக் குளிர்ல நடுங்க விடுவாங்களா? மொதல்ல ரொட்டியத் தொடும்மா."

சாதாத் ஒரு துண்டை மென்றபடியே காகிதத்தில் கோடு இழுக்கிறாள். "எரிக்க ஏதாச்சும் இருக்கிற வீட்டுக்கு இந்தத் தடவ கரி இல்லக்கா. கண்ணால பாத்ததத்தானே நான் எழுதணும்?"

மூன்று வாரத்துக்கென்று அடுக்கிய வறட்டியில் ஒன்று போக மீதியெல்லாம் இந்த ஒரு காலைக்கே எரிந்துவிட்டது என்று சொல்ல புர்மாகானுக்கு வாய் வரை வருகிறது. உண்கிற விருந்தாளியிடம் சொல்லிக்காட்டுவதா? விழுங்கிவிடுகிறாள். வெளிநடைக்குப் போய், மிச்சமிருக்கும் ஒற்றை வறட்டியை எடுத்துவந்து அடுப்பில் இடுகிறாள். விருந்தாளி கிளம்ப இன்னும் கோட்டை மாட்டவில்லை.