ஆறாம் நம்பர் வீட்டில் அம்மை

காலை ஒன்பது மணிக்குள் ஃபிஜித் தீவில், நசினு ஊரின் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது: ஆறாம் நம்பர் வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது!

குழந்தை பரணியோ கொழுகொழுவென்று உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவன் அம்மா நிரஞ்சனாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்து நாலு நாள். டாக்டர் கணவன் முரளி சிகடோகாவில் மாட்டிக்கொண்டிருக்கிறான், வழியெல்லாம் மறியல். இந்தியர் கடைகளை உடைத்த கும்பல் இப்போது வீடுகளுக்குள்ளும் புகுகிறதாம். கைக்குழந்தையோடு தனியாக நடுங்கிக் கிடப்பவளுக்கு இந்த வதந்தி வேறா?

பரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"விநிதா, உனக்கு யார் சொன்னது?"

கதவு ஒரு விரல்கடை திறந்தது. "ராஜன் வீட்டுல. ஐயோ, கிட்ட வராதீங்க!"

ராஜன் ஜன்னல் வழியே, "எதிர்வீட்டுல சொன்னாங்க" என்றார்.

எதிர்வீட்டில், "விநிதாதான் சொன்னா!"

நிரஞ்சனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள் அவள். அவளுடைய ஆராய்ச்சியே இதுதான். தொற்றுநோய் எப்படிப் பரவுகிறதோ அப்படியே செய்தியைப் பரப்புவது. நூறு கம்ப்யூட்டர்; தலைமை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் இரண்டிடம் சொன்னால் போதும், எல்லாவற்றுக்கும் போய்விடும். நடுவில் நாலு பழுதானாலும் நிற்காது. ஆரம்பித்தது எது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் இந்தத் தெருவில் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு? ஊர்வம்புக்கென்றே உர்மிளா இருக்கிறாளே!

பக்கத்து வீட்டு வேலியோரம் உர்மிளா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா! டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மைன்னு சொல்ல உங்களுக்கு வாய் கூசலையா?"

"கூசலியே" என்றாள் உர்மிளா, வாயில் கிளிப்போடு. "ரெண்டு பேருக்குத்தான் சொன்னேன். ரெண்டு போதும்னு நீதானே அன்னிக்கு எனக்குப் பாடம் எடுத்தே?"

"அது கம்ப்யூட்டருக்கு!"

"அரே, எங்க தெரு உன் கம்ப்யூட்டருக்கு இளப்பமா?"

நிரஞ்சனா பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஒரு வேன் திரும்பியது. உள்ளே ஐந்தாறு பேர். கையில் கம்பு, இரும்புக்கம்பி. ஊர்ந்து வந்து சரியாக ஆறாம் நம்பர் வாசலில் நின்றது.

நிரஞ்சனா பரணியை இறுக்கிக்கொண்டு வேலிக்குப் பின்னால் குனிந்தாள்.

கதவைத் திறந்து ஒருவன் ஒரு காலைக் கீழே வைத்தான். உள்ளிருந்து இன்னொருவன் கத்தினான்: "டேய், ஏறுடா! முனைக் கடையில என்ன சொன்னாங்க? இந்த வீட்டுலதான் அம்மை!"

வைத்த கால் சூடு பட்டதுபோல் மேலே போனது. வேன் பறந்தது.

உர்மிளா கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள். "நேத்து கடையில உன் வீட்டைத்தான் விசாரிச்சானுங்க. ஆம்பளை இல்லியாமே, கம்ப்யூட்டர் இருக்காமேன்னு. நான் என்ன துப்பாக்கியா வச்சிருக்கேன்? வாய்தான் இருக்கு."

நிரஞ்சனா வேலியைத் தாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பரணி உர்மிளாவின் முந்தானையில் பிஸ்கட்டைத் துடைத்தான்.

"சரி, சரி, அழாதே. பின் தெருவுல வைஷாலி தனியா இருக்கா. புருஷன் வேலை தேடி ஆக்லாந்து போயிருக்கான். அங்கேயும் வருவானுங்க. ஆனா திரும்பவும் நானே சொன்னா எவளும் நம்ப மாட்டா. டாக்டர் வீட்டம்மா சொன்னா நம்புவாங்க."

"நானா? கான்வென்ட்டுல படிச்சவ அக்கா நான். ஒரு பொய் சொன்னதில்லை, ஒருத்தரைப் பத்திப் புறம் பேசினதில்லை!"

"அப்ப விடு" என்றாள் உர்மிளா.

நிரஞ்சனா கண்ணைத் துடைத்தாள். பரணியை மறு இடுப்புக்கு மாற்றினாள். விறுவிறுவென்று கொல்லைப்புறம் போய்ப் பின்வேலி மேல் எட்டிப் பார்த்து, தெருவே கேட்கக் குரலைத் தாழ்த்தினாள்:

"ஜெயலட்சுமியக்கா, விஷயம் தெரியுமா? நான் சொன்னேன்னு சொல்லாதீங்க… நம்ம வைஷாலிக்கு அம்மையாம்!"